மலையில் நங்கூரம் போடச் சொன்னவன்

என் புத்தகத்துக்கு வந்த முதல் வாசகர் கடிதம் ஷூவைப் பற்றியது. நீங்கள் போட்டுக்கொண்டு போன ஷூ எந்தக் கம்பெனி, மழையில் வழுக்குமா என்று செஞ்சிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். நான்கு பேர் மலையேறப் போய் மூன்று பேர் திரும்பி வந்ததை நூற்றுச் சொச்சம் பக்கம் எழுதியிருக்கிறேன், இவருக்கு ஷூ. சிரிப்பு வந்தது. ஆனாலும் உடனே பதில் போட்டேன். யார் எழுதினாலும் உடனே போட்டேன். விழுப்புரத்தில் அறை எடுத்துப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இரண்டு மாதமும் படிப்பு ஓடவில்லை. போன் அதிர்ந்தால் கை தானாகப் போகும்.

இதைப் படமாக எடுக்கலாம் என்றார் ஒருவர். அதே வழியில் தானும் போக வேண்டும், வரைபடம் அனுப்புங்கள் என்றார் இன்னொருவர். வேண்டாம் சார், வேண்டாம் என்று பயந்துபோய் மூன்று முறை எழுதினேன். ஆனால் பெரும்பாலானவர்கள் எழுதியது இறந்துபோன நண்பனைப் பற்றித்தான். கடற்கரைப் பையன் தண்ணீரைக் கண்டால் நிற்க மாட்டான்போல என்று ஒருவர். துணிச்சல்தான் அவனைக் கொன்றுவிட்டது என்று ஒருவர். அவர்களுக்கும் நன்றி போட்டேன், கைகூப்பும் பொம்மையோடு.

பிறகு அவனுடைய அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. கடலோரப் பொம்மையார்பாளையத்தில் அப்பா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவள் குடியிருக்கிறாள். அப்பா மீன்பிடிப் படகுக்காரர், போட்டு என்றுதான் சொல்வார், படிக்க வராது. தினம் சாயந்தரம் நான்கு பக்கம் என்று அவள் என் புத்தகத்தை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். நாற்பத்தேழாம் பக்கம் வந்ததும் அவர் எழுந்து போய்விட்டாராம்.

"அப்பா இன்னும் அவன் போட்டோவ மாட்ட வுடல தம்பி. போட்ட வுட்டுட்டுப் போனவனுக்கு எதுக்கு போட்டோன்றாரு. ஓடையில எறங்குறதுக்கு யாருமே வேணாம்னு சொல்லலன்னு நீ எழுதிக்கிற. அவனுமா சொல்லல? அத மட்டும் சொல்லு."

நான் பதில் போடாத ஒரே வாசகி அவள்தான்.

நடந்தது இது. மேற்குத் தொடர்ச்சி மலையில், மூன்றாம் நாள் மத்தியானம், மூடுபனியில் பாதையைத் தொலைத்தோம். திண்டிவனம் பக்கத்துச் சின்ன மலையான பெருமுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏறி இறங்கிய தைரியம்தான் எங்களை அங்கே கொண்டுபோயிருந்தது. ஒரு பெரிய பாறை, அதன் கீழே சலசலவென்று ஒரு ஓடை. நான் செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்துக்காரன். எங்கள் பக்கம் எந்த ஓடையைப் பிடித்து நடந்தாலும் ஏரி வரும், ஏரிக்கரை ஏறினால் ஊர் தெரியும், டீக்கடையில் பாட்டுச் சத்தம் கேட்கும். ஓடையோடு இறங்கினால் ஊர் வந்துவிடும் என்றேன். மற்ற இரண்டு பேரும் திண்டிவனம் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மலை ஓடை ஏரிக்குப் போகாது, பள்ளத்தில் விழும் என்பது எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

அவன் மட்டும் நகரவில்லை. கடலில் இன்ஜின் நின்றுபோனால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு அங்கேயே இருக்க வேண்டும், படகை விடக்கூடாது, தேடி வருகிறவன் விட்ட இடத்தில்தான் தேடுவான் என்றான். மலையில எங்கடா நங்கூரம் போடுவ, உன் ஜட்டியிலயா என்று நான் கேட்டேன். மூன்று பேரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. பாறையைக் கையால் தட்டி, "இதான்டா நம்ம போட்டு. இத வுட்டு எறங்காதீங்க" என்றான். நாங்கள் இறங்கினோம்.

ஓடை திடீரென்று அருவியாக உடைந்த இடத்தில், பாசி பிடித்த கல்லில் காலை வைத்துப் பார்க்க எங்களைத் தாண்டி முன்னால் போனது அவன். வழுக்கி விழுந்ததும் அவன்தான். இருட்டும்வரை கத்தினோம். நாங்கள் திரும்பாததால் மறுநாள் காலை தேடி வந்த வனத்துறை ஆட்கள் முதலில் வந்து நின்றது அந்தப் பாறையில்தான். கீழேயிருந்து எங்கள் குரல் கேட்டுத்தான் ஓடைக்கு இறங்கினார்கள்.

இதை எழுதினேன். உண்மையாகவே முதல் பிரதியில் எழுதினேன். மற்ற இரண்டு பேருக்கும் காட்டினேன். எதுக்குடா இது, வுடு என்றார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அழித்துவிட்டு, 'யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அவன்தான் முன்னால் போனான்' என்று போட்டேன். வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

குரல் செய்தி வந்த நான்காம் நாள், இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் ஏதாவது உண்டா என்று பதிப்பகத்திலிருந்து கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்று அடித்தேன். அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை திண்டிவனத்தில் வாசகர் கூட்டம், ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். முப்பது பேர் இருப்பார்கள். சால்வை போட்டு உட்காரவைத்தபோதுதான் பார்த்தேன். கடைசி வரிசை, ஜன்னல் ஓரம், அக்கா. மடியில் புத்தகம். நாற்பத்தேழாம் பக்கமாகத்தான் இருக்க வேண்டும், நடுவில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

அதற்குப் பிறகு யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் பேசும்போது அவரவர் முகத்தை மட்டும் திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி எழுந்தார். இந்தப் புத்தகம் இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை என்று ஆரம்பித்தார். நீச்சல் தெரிந்த திமிரில் ஒரு பையன் முன்னால் ஓடியதால் வந்த வினை, மற்ற மூவரும் அவனைத் தடுத்திருக்க வேண்டும் என்று முடித்தார். கைதட்டினார்கள். அக்கா என்னைப் பார்த்தாள்.

"அவன் ஓடல சார்," என்றேன். மைக்கில் என் குரலே பெரிதாகக் கேட்டது. "எறங்க வேணாம்னு சொன்னவன் அவன் ஒருத்தன்தான். எறங்கலாம்னு சொன்னது நான். புத்தகத்துல அத மறைச்சிட்டேன்."

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. பாறை, நங்கூரம், ஜட்டி ஜோக்கு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. அதிகாரி புத்தகத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மாடிப்படியில் நின்று பதிப்பகத்துக்குப் போன் போட்டேன். அச்சை நிறுத்துங்கள், ஒரு பக்கம் மாற வேண்டும் என்றேன். திரும்பினால் அக்கா. அழவில்லை, திட்டவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினாள்.

அந்தப் பக்கம் யாரோ படகு இன்ஜினை இழுத்து இழுத்துப் பார்க்கும் சத்தம். ஸ்டார்ட் ஆகவில்லை. நான் யாரென்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன்.

"எத்தினி தடவ சொன்னான்?"

"மூணு தடவப்பா. கோவப்பட்டும் சொன்னான்."

"அப்புறம் ஏன் எறங்குனான்?"

"நாங்க மூணு பேரும் எறங்கிட்டோம். கொஞ்ச தூரம் போயித் திரும்பிப் பாத்தா, எங்களத் திட்டிக்கினே பின்னால வந்துகினு இருந்தான். உங்களத் தனியா வுட்டுட்டு உங்க வீட்டுக்கு என்னாடா பதில் சொல்றதுன்னான்."

இன்ஜின் இழுக்கும் சத்தம் நின்றது.

"போன அவகிட்ட குடு," என்றார்.

அவர் அவளிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சரிப்பா, சரிப்பா என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தாள். இங்கே போட்டோவுக்கு ஃபிரேம் போடும் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் இரண்டடி முன்னாலேயே நடந்தாள். கடையில் போனை எடுத்துக் காட்டினாள். பெருமுக்கல் உச்சியில் எடுத்த படம். அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான், அவன் தோளில் கை போட்டபடி நான். கடைக்காரர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்துல இருக்கறவரு என்று இழுத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவுரு வேணாம்," என்றாள் அக்கா. "வெட்டிடுங்க."