தடித்த கையுறைக்கு ஏற்ற விளக்கு

நாற்பத்தாறு வயதில் கடலுக்கடியில் போகக் கற்றுக்கொண்டேன். காரணம் என் கணவரின் தங்கை; நான் அவளுக்கு மச்சாள், அவள் எனக்கு மச்சாள். டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்கிறவள். சும்மா இருக்கத் தெரியாதவள். ஒருநாள் ஓகூஸ் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்: "மச்சாள், சுழியோடுற வகுப்புக்கு உங்கடை பேரையும் சேத்துக் குடுத்திட்டன். திங்கக்கிழமை நீச்சல் தடாகத்துக்கு வாங்கோ."

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீருக்குள் யாரும் கதைக்க முடியாது என்பதே எனக்குப் பெரிய கவர்ச்சியாக இருந்தது. போனேன்.

கோடை முழுவதும் சுழியோடிகள் கழகத்தின் விளக்குகளை இரவல் வாங்கினோம். இலையுதிர்காலம் வந்ததும், எங்களுக்குப் பயிற்சி தந்த டேனிஷ் பெண்மணி, குளிரிலும் இறங்குவதென்றால் சொந்தமாக ஒரு பிரதான விளக்கு வாங்குங்கள் என்றார். சரியான பேச்சு. இந்த நாட்டுக் கடலில் பத்து மீற்றர் கீழே போனால் நண்பகலே பச்சை இருட்டுத்தான். அங்கே விளக்கு பார்ப்பதற்கு மட்டுமல்ல, பேசுவதற்கும். அதை வட்டமாகச் சுற்றினால் 'நான் சுகம்'. இரு பக்கமும் வேகமாக ஆட்டினால் 'உதவி'.

இணையத்தில் தேடினேன். ஆய்வுகூடக்காரிக்கு எண்களில் நம்பிக்கை அதிகம். வெளிச்சத்தை அளக்கும் லூமன் எண்ணிக்கை எந்த விளக்கில் பெரிதோ அதையே வாங்கினேன். பெட்டி வந்த அன்று கணவர் வரவேற்பறையில் ஒருமுறை போட்டுப் பார்த்தார். எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளையாகிவிட்டது.

"என்னப்பா இது, தேர்த் திருவிழாவுக்கு லைற் பிடிக்கப் போறீரோ?"

எனக்குப் பெருமையாக இருந்தது.

நவம்பரில் லில்லபெல்ட் நீரிணைக்குப் போனோம். கணவர் காரோட்டினார், தேநீர்ப் போத்தலோடு கரையில் நின்றார். மச்சாளும் நானும் இறங்கினோம். ஆறு மீற்றரில் விளக்கைப் போடப் பார்த்தேன். அதன் பொத்தான் உளுந்தளவு. என் கையுறையோ ரொட்டி போலத் தடிப்பு. தடவித் தடவி ஒருவழியாக எரியவைத்தேன். உடனே கடல் காணாமல் போனது. மூடுபனி நேரத்தில் பிராண்டே போகும் வீதியில் காரின் ஹைபீம் போட்டால் எப்படியிருக்கும்? அதேதான். தண்ணீரில் மிதந்த ஒவ்வொரு துகளும் ஒளிர்ந்தது. என்ன செய்வதென்று கேட்க மச்சாள் பக்கம் திரும்பினேன். வெளிச்சமும் என்னோடு திரும்பி அவள் முகத்தில் அடித்தது. அவள் கையால் கண்ணை மறைத்தாள். அணைக்கலாமென்றால் பொத்தான் அகப்படவில்லை. அவள் பெருவிரலை உயர்த்தினாள். சுழியோடிகளின் பாஷையில் அதற்கு 'நன்று' என்று பொருளில்லை. மேலே போவோம் என்று பொருள்.

கரையில் முகமூடியைக் கழற்றியதும் தொடங்கினாள். "மச்சாள், நீங்கள் லைற் போட்டனீங்களோ, பால் ஊத்தினனீங்களோ?"

"நல்ல வெளிச்சம் எண்டுதானே வாங்கினனான்."

"வெளிச்சம் நல்லாத்தான் இருக்குது. கடல்தான் தெரியேல்லை."

அந்தப் பால் என் தலைக்குள் நின்றுவிட்டது. சனிக்கிழமை குளியலறையில் உடுப்புத் தோய்க்கும் பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, அரைக் கோப்பைப் பால் கலந்தேன். அடியில் ஒரு சிவப்பு உடுப்புக் கிளிப்பைப் போட்டு, அறை விளக்கை அணைத்தேன். என் புது விளக்கைப் பிடித்தால் பேசின் முழுக்க வெள்ளை; கிளிப் இல்லை. கழகத்திலிருந்து இரவல் வாங்கிவந்த பழைய விளக்கின் ஒளி, ஈர்க்குப் போல ஒடுங்கி நேரே அடிவரை போனது. கிளிப் பளிச்சென்று தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் கதவைத் திறந்தாள். "மோர், வ லேவ டு?" என்ன செய்கிறாய் என்று கேட்கிறாள். டேனிஷில் மோர் என்றால் அம்மா. அன்றைக்குத் தமிழ்ப் பொருளும் ஓரளவு பொருந்தியது.

இந்த முறை வேறு விளக்கு வாங்க மச்சாளும் நானும் கடைக்கே நேரில் போனோம். நான் பையிலிருந்து என் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டேன். கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அவரே ஒவ்வொரு விளக்காக எடுத்துத் தந்தார்.

"உது சரிவராது," என்றாள் மச்சாள். "நீங்கள் அமத்திறதுக்குள்ளை சுறா வந்திடும்."

"இஞ்சை எங்கையடி சுறா?"

"வந்தாலும் உந்த லைற்றாலை தெரியாது."

கடைசியில் எடுத்தது அங்கிருந்தவற்றில் அதிகப் பிரகாசமானதல்ல. ஒடுங்கிய ஒளி, பெருவிரலால் தள்ளிப் போடவும் அணைக்கவும் முடிகிற பெரிய ஆளி, புறங்கையில் கட்டிக்கொள்ளப் பட்டி, அதனால் விரல்கள் சும்மா இருக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தை நம்பவேண்டாம், குளிரில் மின்கலம் சீக்கிரம் இளைத்துவிடும் என்றார் கடைக்காரர். வீட்டில் ஐஸ் போட்ட வாளிக்குள் அதை எரியவிட்டு, அணையும்வரை மணி பார்த்தேன். இரண்டு முறை இறங்கப் போதும். முதலில் வாங்கிய பெரிய விளக்கைக் கழகத்தில் வீடியோ எடுக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். கிட்ட நின்று படம் எடுப்பதற்கு அதுதான் சரியாம்.

டிசம்பரில் மறுபடி அதே நீரிணை. பதினொரு மீற்றரில் பாறைச்சரிவை ஒட்டி நீந்தினோம். மச்சாள் முன்னால். என் இடது காலில் திடீரென்று பிடிப்புத் தளர்ந்தது. நீந்தக் காலில் மாட்டியிருந்த துடுப்பின் வார் கழன்று, அது நுனிவிரல்களில் தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து பிடித்தேன். நிமிர்ந்தபோது மச்சாள் இல்லை.

மூன்று மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாத தண்ணீர். நீரோட்டம் என்னைப் பின்னுக்குத் தள்ளியது. மூச்சு வேகமாவது காதில் கேட்டது. கடைசியாக அவள் போன திசைக்கு நேரே கையை நீட்டி, விளக்கை இடமும் வலமும் ஆட்டினேன். ஒளிக்கோடு பச்சைத் தண்ணீரை வெட்டி வெட்டிப் போனது. எத்தனை முறை ஆட்டினேனோ தெரியாது. எதிரே ஒரு மங்கல் புள்ளி தோன்றியது. அது மெல்ல ஒரு வட்டம் போட்டது.

மச்சாள் வந்து என் காலைத் தன் மடியில் வைத்து, குழந்தைக்குச் சப்பாத்துப் போடுவதுபோல வாரை மாட்டினாள். அந்தத் தடித்த கையுறையோடு அவளுக்கு நான்கு தரம் வழுக்கியது. என் புறங்கை விளக்கை நான் வாருக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். முகமூடிக்குள் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

காரில் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். மச்சாள் பின்சீற்றில் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஹீற்றரை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

"அடுத்த முறை," என்றார், "எத்தினை மணிக்கு இறங்கிறியள், எத்தினை மணிக்கு மேலை வாறியள் எண்டு எழுதித் தந்திட்டுப் போங்கோ."

"பிந்தினால் என்ன செய்வியள்? உங்களுக்கு நீந்தவே தெரியாதே," என்றேன்.

"கழக ஆக்களுக்குப் போன் அடிப்பன். அது தெரியும்."

"அண்ணை," என்றாள் மச்சாள் பின்னாலிருந்து, "ஜனவரியிலை புதுசா ஒரு வகுப்புத் தொடங்குது."

அவர் வானொலியைப் போட்டார். ஆனால் அடுத்த ஞாயிறு கரையில் ஒரு கொப்பியும் பேனையுமாக நின்றார். நாங்கள் இறங்கிய நேரத்தை எழுதிக்கொண்டு, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.