மூக்கணாங்கயிறும் பற்பசையும்

எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு புல்வெளி. அங்கே மேயும் மாடுகள் இரண்டு காதிலும் மஞ்சள் தோடு போட்டிருக்கின்றன. தோடு என்றால் தங்கத்தில் இல்லை. எண் அச்சிட்ட பிளாஸ்டிக் வில்லை, உள்ளங்கை அகலம். ஜெர்மனிக்கு வந்த புதிதில் குடியேற்ற அலுவலகத்தில் எனக்கும் ஒரு எண் கொடுத்து உட்காரவைத்தபோது, அனிச்சையாகக் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. காலையில் என்னை நிமிர்ந்து பார்க்கும் ஜீவன்கள் இந்த ஊரில் அவை மட்டும்தான் என்பதால் தினமும் ‘குட்டன் மார்கன்’ சொல்கிறேன். பதிலுக்குச் சாணி போடுகின்றன. மனிதர்கள் அந்த மரியாதைகூடச் செய்வதில்லை.

என் மகள் யாழினிக்குப் பத்து வயது. அவள் பொம்மை விலங்குகள் சேர்க்கிறாள். “விளையாடுறியா?” என்று கேட்டால் கோபம் வரும். ஜன்னல் விளிம்பு முழுக்க ஒட்டகச்சிவிங்கி, பன்றி, குதிரை, மாடு என்று வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர், வயது, தீனிக் கணக்கு எழுதிய நோட்டு உண்டு. ‘இந்த நேரத்துக்கு நாலு பெருக்கல் கணக்குப் போட்டிருக்கலாம்’ என்று நான் புலம்பாத நாள் இல்லை. போன வருடம் அவள் மஞ்சள் காகிதத்தைக் குட்டிக் குட்டி வில்லைகளாக வெட்டி, ஊசியால் தன் மாடுகளின் காதைக் குத்தி மாட்டிவிட்டாள். அவள் பள்ளிக்குக் கொண்டுபோன ஒன்றை வகுப்பாசிரியை கையில் தூக்கிக் காட்டி, “எவ்வளவு கூர்மையான கவனிப்பு!” என்று பாராட்டி, படம் எடுத்துச் சுவரில் ஒட்டினார். அந்தக் காது குத்தலைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கே அதில்தான் இருக்கிறது.

டிசம்பர் விடுமுறைக்கு மதுரை போனோம். என் மனைவி செல்வியின் தம்பி பாண்டி, அவனியாபுரத்தில் கார் நசுங்கல் எடுக்கும் பட்டறை வைத்திருக்கிறான். பின்னாலேயே ‘செவலை’ என்ற காளையும் வைத்திருக்கிறான். பொங்கல் ஜல்லிக்கட்டுக்கு அதைத் தயார் செய்துகொண்டிருந்தான். செவலையைப் பார்த்த யாழினி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு என்னிடம் திரும்பி, “அப்பா, என்கிட்ட இருக்கிற ஒரு மாட்டுக்குக்கூட ஏன் திமில் இல்ல?” என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் செய்யாவிட்டால் என்ன, காளைக்குப் பேர்போன ஊரில் கிடைக்காதா? மறுநாள் டவுனில் ஏழு பொம்மைக்கடை ஏறினேன். ஏழிலும் கறுப்பு வெள்ளைத் திட்டுப் போட்ட, முதுகு பலகையாக இருக்கும் சீமைமாடுதான். ஏழாவது கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார்.

“திமில் வச்ச காளையாண்ணே? வராதுண்ணே. டைனோசர் இருக்கு, பாக்குறீங்களா? கொம்பு இருக்கும்.”

“ஏன்ணே, வருசா வருசம் இந்த ஊரே மாட்டுக்குப் பின்னால ஓடுதே. ஒரு மாடு பொம்மையா வரக்கூடாதா?”

“கொலு பொம்மையில நந்தி இருக்கும்ணே. ஆனா படுத்துருக்கும்.”

யாழினி நந்தியை மறுத்துவிட்டாள். அவளுக்கு நிற்கிற மாடு வேண்டும். எனக்கு வந்த கோபத்தை யார்மீது காட்டுவதென்று தெரியவில்லை. ஜெர்மனியில் நம் மாடு இல்லை என்றால் புரிகிறது. மதுரையிலும் இல்லை என்றால்? அதே மதுரையின் ஆனையூர்க் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். பாக்கெட்டில் வந்த பாலைத் தவிர மாட்டோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கோபப்பட்டதோடு நான் நின்றுவிட்டேன். அவள் வேலையை ஆரம்பித்தாள். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு செவலையின் திமிலை அளக்கப் போனாள். பாண்டி கயிற்றை மாற்றிக் கட்டுவதற்காக அவிழ்த்த அந்த ஒரு நொடியில் செவலை தலையை உலுக்கியது. அடுத்த நொடி நான் பட்டறையில் நின்ற பழைய ஜீப்பின் மேல் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது.

“எறங்குங்க மச்சான், அது ஈ ஓட்டுது,” என்றான் பாண்டி. “பிள்ள எம்புட்டு தைரியமா நிக்குது பாருங்க!”

டேப்போடு நின்ற யாழினி மேலே பார்த்து, “அப்பா, அங்க இருந்து திமில் உயரம் சரியாத் தெரியுதா?” என்றாள். கிண்டலா, ஆராய்ச்சியா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

பொம்மை அளவுக்குக் கொண்டுவர அதை இருபதால் வகுத்தாள். பின்னக் கணக்கைக் கண்டால் அழுகிற பிள்ளை, தரையில் கரித்துண்டால் வகுத்துத் தள்ளினாள். ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் காளை ஒன்றின் முதுகில், கார் நசுங்கலை நிரப்பும் பட்டிப் பசையைக் குழைத்து வைத்துத் திமிலை எழுப்பினாள். இரண்டு தடவை சரிந்தது. பாண்டி கை வைக்க வந்தபோது, “மாமா, தொடாதீங்க,” என்று விரட்டிவிட்டாள். மூன்றாவதில் நின்றது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கார் பெயிண்டின் மிச்சத்தில் செவலை நிறம் கலந்து பூசினாள். கடைசியில் சூடான கம்பியால் மூக்கில் துளை போட்டு, சிவப்பு நூலை மூக்கணாங்கயிறாகக் கோத்தாள். தமிழில் தன் பெயரைக்கூட எழுதச் சோம்பல்படுபவள், அடியில் ‘செவலை, அவனியாபுரம்’ என்று எழுதினாள். ‘வ’வுக்கு வயிறு கொஞ்சம் பெரிது. நான்கு வருடச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு செய்யாததை ஒரு காளை செய்துவிட்டது.

பள்ளி திறந்ததும் ‘என் விலங்கு’ என்று வகுப்பில் ஒரு கண்காட்சி ஏற்பாடானது. செவலையும் போனது. அன்று மாலையே ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தது. ‘விலங்கு உருவத்துக்கு மூக்கில் ஏற்படுத்தப்பட்டுள்ள காயம் பற்றிப் பெற்றோருடன் உரையாட விரும்புகிறோம். அதுவரை அது காட்சியில் இடம்பெறாது. வரும்போது உடன் கொண்டுவரவும்.’

காயமாம்! காதைக் குத்தினால் கவனிப்பு, மூக்கைக் குத்தினால் காயம். சமையலறையில் நின்று அரைமணி நேரம் கர்ஜித்தேன். காலனி ஆதிக்கம்வரை போனேன். செல்வி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “இங்க கத்துறதுல பாதிய அங்க போயி கத்துங்க,” என்றாள்.

ஆனால் உள்ளுக்குள் பயம். இங்குள்ள நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சொல்லுக்குப் பேயைவிட மவுசு அதிகம்: ‘யூகெண்ட்அம்ட்’, குழந்தைகள் நல அலுவலகம். பிள்ளையைத் திட்டினால் வருவார்கள், வளையல் கீறினால் வருவார்கள் என்று ஆளுக்கொரு கதை. ஒன்றையாவது கண்ணால் பார்த்தவர் கிடையாது. உரையாடலுக்குக் கிளம்புகிற காலையில், யாழினி பள்ளிக்குப் போன பிறகு, காலனி ஆதிக்கத்தை எதிர்த்த அந்த மாவீரன் என்ன செய்தான் தெரியுமா? கத்தரிக்கோலை எடுத்து மூக்கணாங்கயிற்றை அறுத்துப் பைக்குள் போட்டான். மூக்குத் துளையில் பற்பசையைத் திணித்து, விரலால் வழித்து, மேலே கொஞ்சம் காப்பித்தூள் தடவினான். வெளிநாட்டில் வாழ்கிற நமக்குக் கைவந்த கலை இது: கேட்பதற்கு முன்பே அழித்துவிடுவது.

வகுப்பறையில் குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். முழங்கால் காதைத் தொட்டது. யாழினி பக்கத்தில். அதே வகுப்பாசிரியை மென்மையாகத்தான் கேட்டார். மென்மையாகக் கேட்டதுதான் எரிச்சலாக இருந்தது. உங்கள் ஊரில் எல்லா மாட்டுக்கும் இப்படிச் செய்வார்களா? குழந்தை அதைப் பார்த்தாளா? அதற்குப் பின் நன்றாகத் தூங்குகிறாளா? வீட்டில் யாராவது கோபக்காரர்களா? நான் எல்லாப் பற்களையும் காட்டிச் சிரித்துக்கொண்டு செவலையை வெளியே எடுத்தேன். “பாருங்கள், காயம் எதுவும் இல்லை.”

யாழினி அதைக் கையில் வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

“அப்பா, பேஸ்ட் வாடை அடிக்குது. கயிறு எங்க?”

“அப்புறம் பேசலாம்மா.”

“வாடிவாசல்லதான் கயித்த அறுப்பாங்கன்னு பாண்டி மாமா சொன்னாரு. அறுத்துட்டா மாட்ட ஓடவிட்டாச்சுன்னு அர்த்தம். இங்க வாடி எங்கப்பா இருக்கு? இது எங்க ஓடும்?”

ஜீப்பின் மேல் ஏறி நின்றதைவிட அப்போதுதான் எனக்கு அதிகம் கூசியது. அவள் அழவில்லை. ஆசிரியையின் பக்கம் திரும்பி ஜெர்மனில் கேட்டாள்: பேருந்து நிறுத்தத்துப் புல்வெளியில் உள்ள பெரிய காளையின் மூக்கில் பித்தளை வளையம் இருக்கிறதே, அது காயமா? நான் காதில் குத்திய மஞ்சள் வில்லை காயமா? “அவை விதிமுறைப்படி செய்யப்படுபவை,” என்றார் ஆசிரியை. விதிமுறைப்படி குத்தினால் வலிக்காது போலிருக்கிறது!

“கயிறு இல்லாம நான் வைக்க மாட்டேன்,” என்றாள் யாழினி, இரண்டு மொழியிலும்.

நான் பைக்குள் கைவிட்டுச் சிவப்பு நூலை எடுத்து மேசையில் வைத்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த ஒரே வீரச்செயல் அதுதான். அவள் பென்சில் முனையால் பற்பசையைக் குடைந்து எடுத்து, நூலைக் கோத்து முடிச்சுப் போட்டாள். முடிவில் ஆசிரியை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: காட்சி நாளன்று விளக்கம் சொல்லப் பெரியவர் ஒருவர் அதன் அருகிலேயே நிற்க வேண்டும். சொல்லி வைக்கிறேன், அந்த அரங்கில் பன்னிரண்டு குதிரை, ஐந்து யானை, ஒரு திமிங்கலம் இருந்தன. எதற்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

நான் போய் நின்றேன். கட்டுத்தறி இல்லாததால், “பிடிச்சுக்கோப்பா,” என்று நூலின் மறுமுனையை யாழினி என் விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தோழிகளிடம் போய்விட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் திமிலைப் பற்றி என் உடைந்த ஜெர்மனில் பாடம் எடுத்தேன். ஒரு கிழவர் ஒட்டகமா என்று கேட்டார். நடுவில் பாண்டி வீடியோவில் வந்தான்.

“என்ன மச்சான், ஒருவழியா மாடு பிடிச்சுட்டீங்க போல!”

“சிரிக்காதடா. காலு வலிக்குது.”

“கயித்த மட்டும் விட்டுறாதீங்க மச்சான், பிள்ள பாக்குது.”

சாயங்காலம் ஒவ்வொருவராகத் தங்கள் விலங்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். திறந்திருந்த கதவு வழியே குளிர் உள்ளே வந்தது. தூரத்துப் புல்வெளியில் மஞ்சள் தோடுகள் தொழுவத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. ஜெர்மன் உடம்பும் அவனியாபுரத்துத் திமிலுமாகச் செவலை வாசலைப் பார்த்து நின்றது. அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியாததால் நூலைக் கொஞ்சம் தளர்த்தியே பிடித்திருந்தேன்.