தங்கைக்குச் சொன்ன யானைக் கதை

என் தங்கை இன்றும் அடிபட்டுக்கொண்டிருப்பதற்கு நானே காரணம். அடிப்பவன் அவள் கணவன். அங்கேயே அவளை இருக்கவைத்தவள் நான்.

அதையும் சாஸ்திரம் சொல்லித்தான் செய்தேன்... நம்புவீர்களா?

திருப்பதியில் எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமைதோறும் புராணம் வாசித்து விளக்கம் சொல்பவள் நான். அந்தக் கதைகள் வெளியே நடந்தவையல்ல, மனத்துக்குள் நடப்பவை. விடுபட்டதாகக் கண்மூடிக் கற்பனை செய்தால் விடுதலை வந்துவிடும்... இதுதான் என் சரக்கு. ஓய்வுபெற்ற அதிகாரிகளும் அவர்களுடைய மனைவிமாரும் தலையாட்டுவார்கள். எதிலும் சிக்காதவர்களுக்கு விடுதலை எவ்வளவு இனிக்கிறது!

ஒரு நாள் நகரியிலிருந்து தங்கை குமாரி வந்தாள். விசைத்தறி ஓட்டுகிறவள். கையில் ஒரு பை, பக்கத்தில் சின்ன மகள், கழுத்தில் நீலம் பாய்ந்த தடம்.

"கொஞ்ச நாள் இங்கயே இருந்துக்கினு வேலை தேடிக்கிறேன்க்கா" என்றாள்.

என் கணவர் செய்தித்தாளை மடித்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். அதற்கே நான் நடுங்கினேன். நடுங்கினேன் என்று அவளிடம் சொன்னேனா? இல்லை. முதலை கவ்விய யானையின் கதையைச் சொன்னேன்.

"முதலை வெளியில இல்ல குமாரி. உன் பயந்தான் முதலை. அது கால விட்டுடுச்சுன்னு மனசார நெனச்சுக்கோ."

என்ன குரல் அது... தேன் ஒழுகியது! மறுநாள் காலையில் இருவரையும் நகரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

சில மாதங்களில் சித்தூரில் ஒரு மருத்துவமனையில் அவளைப் பார்த்தேன். வலக்கையில் மாவுக்கட்டு. என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"நீ சொன்ன மாதிரியே கண்ண மூடிக்கினேன்க்கா. அவன் அடிச்சிக்கினு இருந்தான். நான் அங்க இல்லவே இல்ல."

அப்போதாவது கூட்டிவந்தேனா? வரவில்லை. அடுத்த சனிக்கிழமை, 'எனக்குத் தெரிந்த ஒரு பெண்' என்று அவளையே உதாரணம் காட்டினேன். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. காறி உமிழவேண்டிய பெருமை!

என்னை மன்னித்துத் தொலைக்காதீர்கள். மன்னிக்க நீங்கள் யார்? இப்படிப்பட்ட விளக்கங்களுக்குத் தலையாட்டியவர்கள்தாமே நீங்களும்...

நேற்று குமாரி போனில் பேசினாள். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அதுக்கும் கண்ண மூடிக்கக் கத்துக் குடுத்துட்டேன்க்கா. இப்பல்லாம் அழறதே இல்ல."

நல்லது என்றேன். ஆம்... அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்.