வறட்டு இடி

எலிசாவுக்கு வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு காணி நிலம். புருஷன் மரியசுந்தரத்துக்குப் பாண்டியில் மில் வேலை. ஷிப்டு முடிந்து வந்து படுக்கத்தான் வீடு. உழவு, நடவு, மோட்டார் எல்லாம் எலிசா பாடு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றில் இறங்கி மோட்டார்க் குழாயின் புட்வால்வைக் கழற்றுகிற பொம்பளை என்று ஊரில் பெயர். மெச்சிச் சொன்னவர்களும் உண்டு, நொடித்துச் சொன்னவர்களும் உண்டு. அவள் இரண்டையும் ஒரே காதால்தான் கேட்டாள்.

எண்பத்துமூன்றில், பங்குனி மாதம், நெல் பால் பிடிக்கிற நேரம் பார்த்து டிரான்ஸ்பார்மர் புகைந்து அணைந்தது. ஒரு வாரத்துக்குள் தண்ணீர் பாயாவிட்டால் கதிர் முழுக்கப் பதர்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். மும்முனை மின்சாரம் வருவது பகலில் சில மணி நேரம்தான். மற்ற நேரத்தில் இருமுனைதான்; திருட்டுத்தனமாகக் கண்டென்சர் மாட்டினால் தவிர மோட்டார் ஓடாது. பதினோரு மோட்டாருக்கும் மாட்டியிருந்தார்கள், எலிசாவும்தான். அடிக்கடி பியூஸ் போகிறதே என்று அதில் தடித்த கம்பியைச் சுற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு பியூஸ் போகவில்லை, டிரான்ஸ்பார்மரே போய்விட்டது.

பக்கத்து நிலத்துக்காரர் சிங்காரவேலு மனு எழுதினார். எலிசாவும் அவரும் பஸ் ஏறி மின்சார ஆபீசுக்குப் போனார்கள். அதிகாரி மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மழை பெய்யல, ஏரி வறண்டு போச்சின்னு மேல எழுதியிருக்கீங்க. இடி விழுந்து டிரான்ஸ்பார்மர் எரிஞ்சிதுன்னு கீழ இருக்குது. மழை இல்லாத ஊருக்கு இடி மட்டும் தனியா வந்துச்சா?"

சிங்காரவேலு மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தார். "அது வறட்டு இடி சார்."

"ஸ்டோர்ல ஒண்ணுதான் இருக்குது. ஒங்களுக்குக் குடுத்தா அடுத்த வாரம் இன்னொரு வறட்டு இடி விழும். போய்ட்டு வாங்க."

எலிசா நகரவில்லை. "இடி இல்ல சார், கண்டென்சரு. பதினோரு பேரும் போட்டோம். என்னுதும் இருக்குது."

"ஏ எலிசா, இன்னா பேசறே நீ? கனெக்‌ஷனைப் புடுங்கிடுவாங்க."

"சும்மா இருண்ணே. தவக்காலத்துல சொன்ன பொய்யை நான் பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட சொல்லித் தீத்துக்குவேன். பதரை எவன்கிட்ட போயி சொல்றது?"

அதிகாரி சிரிக்கவில்லை. "இன்னிக்கு ஒத்துக்கிட்டீங்க. நாளைக்கு?"

"ஏரித் தண்ணிக்கு முறை வைக்கிறோம் இல்ல, அப்பிடி கரண்டுக்கும் வைக்கிறோம். ஒரு நேரத்துக்கு நாலு மோட்டாரு. கண்டென்சரை எல்லாம் கொண்டாந்து இந்த மேசையில கொட்டிடறேன்."

"நீ சொன்னா கேப்பாங்களா?"

"கேக்கலன்னா மொதல்ல என் லைனை வெட்டுங்க."

அன்றைக்குச் சாயங்காலமே சாக்கோடு கிளம்பினாள். முதலில் தன்னுடையதைக் கழற்றிப் போட்டாள். முனகிக்கொண்டும் திட்டிக்கொண்டும் ஒன்பது பேர் கொடுத்தார்கள். சிங்காரவேலு மட்டும், "எல்லாரும் குடுக்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார்.

சாக்கை அவர் காலடியில் வைத்து வாயை விரித்துக் காட்டினாள். "எண்ணிப் பாருண்ணே. அப்பிடியே வண்டிய பூட்டி வை. டிரான்ஸ்பார்மரை ஏத்தியார ஆபீஸ்ல வண்டி இல்லியாம்."

"கண்டென்சரும் நான் குடுக்கணும், மாடும் நான் ஓட்டணும். நல்லா இருக்குதுமா ஞாயம்" என்றபடி திருப்புளியைத் தேடப் போனார்.

பதினொன்றையும் அதிகாரி மேசையில் கொட்டிய பிறகு, சிங்காரவேலு வண்டியில், வைக்கோல் மெத்தையில் டிரான்ஸ்பார்மர் ஊருக்கு வந்தது. பழையது எரிந்த ஐந்தாம் நாள் லைன்மேன் கம்பம் ஏறினார். "மொதல்ல நீ பாய்ச்சும்மா" என்றார் சிங்காரவேலு. எலிசா கேட்கவில்லை. கடைசி முறையில் தன் பெயரைச் சொன்னாள். முதலில் போனால், நாளைக்கு ஒருத்தனை நிறுத்தச் சொல்ல வாய் இருக்காது.

அவள் முறை மறுநாள் பகலில் வந்தது. அதற்குள் மேட்டு ஓரம் கதிர் வெளுத்திருந்தது. அது போனதுதான். மிச்சத்துக்கு மடை திறந்துவிட்டு நிமிர்ந்தாள். நாலும் நாலும் போகக் கடைசி முறையில் தன் மோட்டாரோடு சேர்த்து மூன்றுதான் ஓட வேண்டும். கிழக்கே நான்காவதாக ஒன்று இரைந்துகொண்டிருந்தது. கணக்கு நாலுதான், டிரான்ஸ்பார்மர் தாங்கும். ஆனால் அந்த மோட்டார்க்காரனுக்கு இது முறை இல்லை.

மண்வெட்டியை வரப்பில் குத்தி நிறுத்திவிட்டு, அந்தச் சத்தத்தைப் பார்த்து நடந்தாள்.