கடலோரச் சாலைக்கு ஒரு கம்ப்யூட்டர்

கடையில் அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ‘பொறுங்க’ என்றால்தான் தெரியும். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற கடை. மூன்றாவது கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறான். யார் வந்து எந்த கிராஃபிக்ஸ் கார்டைக் கேட்டாலும், அலமாரிப் பக்கம் கையை நீட்டுவதற்கு முன்னால், "பொறுங்க, இன்னும் ரெண்டு மாசத்துல புதுசு வருது, இதைவிட நல்லா இருக்கும்" என்பான். விற்க வேண்டியவனே வாங்காதே என்று சொன்னால் கடை உருப்படுமா? முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்லுவாங்க. நம்ம கடையில பொறுத்தவன் எதிர்க்கடைக்குப் போயிடுறான்பா."

ஆனாலும் அவனை வேலையை விட்டு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. இந்தத் தொழிலில் பொய் சொல்லாதவன் கிடைப்பது குதிரைக் கொம்பு. அவன் திருப்பி அனுப்பியவர்களில் பாதிப் பேராவது இரண்டு மாதம் கழித்து வந்து, "அந்தப் பொறுங்க அண்ணன் இருக்காரா?" என்று கேட்டு வாங்கிப்போவார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு அளவு நாடா வைத்திருப்பான். வாங்குகிறவர் வீட்டு டிவி ஸ்டாண்டின் உயரம் முதற்கொண்டு விசாரிப்பான். இரண்டு மில்லிமீட்டர் இடிக்கும் என்று தெரிந்தால் தலைகீழாக நின்றாலும் தரமாட்டான்.

வீட்டில் அவனும் அக்காவும் மட்டும்தான். அக்கா ஆறு வயது மூத்தவள். அவளுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. இவனோ பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்தான், அது அப்படியே போய்விட்டது.

அக்கா ஒரு சாயப் பட்டறையில் நிறம் ஒத்துப் பார்க்கிற வேலை செய்தவள். மாதிரித் துணியையும் சாயம் ஏறிய துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது ஒரு சொட்டு மஞ்சள் கூட" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அந்தத் தொட்டி முழுவதும் மறுபடி சாயம் ஏற்ற வேண்டியதுதான். வெள்ளையிலேயே பதினோரு வெள்ளை இருக்கிறது என்பாள். அவளோடு துணிக்கடைக்குப் போவதைப்போல ஒரு தண்டனை வேறில்லை. அப்படிப்பட்ட கண்ணுக்குத்தான் அந்த நோய் வந்தது. ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே நடுவுக்கு வருகிற நோய்.

"ஓரப் பார்வை போயிடுச்சும்மா. நடுவுல இருக்கிறது ஒரு வருஷம் தாங்கும், மிஞ்சிப்போனா ஒன்றரை வருஷம்" என்றார் டாக்டர். நல்ல மனுஷர்தான். சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா அழவில்லை. ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "சின்ன வயசுல நாம வீடியோ கேம்ல ஒரு கார் ஆட்டம் ஆடுவோமே, ஞாபகம் இருக்கா? கடல் ஓரமா ரோடு போகும். கடல்னா வெறும் நாலு நீலக் கோடு."

"நீ வேணும்னே கடல்ல கொண்டுபோய் விடுவ. எனக்கு ஆட்டம் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"இப்ப அந்த மாதிரி ஆட்டத்துல எல்லாம் நிஜக் கடல் மாதிரியே இருக்காமே. நம்ம ஹால்ல, பெரிய டிவியில, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடணும்டா. கண்ணு இருக்கும்போதே."

அவ்வளவுதான் அவள் கேட்டது. ஐம்பத்து மூன்று வயது வரை தம்பியிடம் அவள் கேட்ட ஒரே பொருள்.

ஊருக்கெல்லாம் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தவன், சொந்த அக்காவுக்கு ஏனோதானோ என்று செய்வானா? மறுநாளே ஹாலில் மண்டியிட்டு டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டை அளந்தான். உயரம் பதினேழு சென்டிமீட்டர். அதில் படுக்கிற மாதிரி தட்டையான ஒரு கம்ப்யூட்டர் கேஸ், அதற்கேற்ற சின்ன மதர்போர்டு, குள்ளமான ஃபேன் என்று ஒவ்வொன்றாக வந்தது. பட்டறை இயந்திரங்களின் இரைச்சலில் முப்பது வருடம் காதைக் கொடுத்தவள் அக்கா, வீட்டில் இரைச்சல் ஆகாது. அதனால் சத்தம் வராத பவர் சப்ளைக்காக ஒரு மாதம் காத்திருந்தான். ஒரு ஆம்ப்ளிஃபையரும் ஐந்து ஸ்பீக்கர்களும் வந்தன. முன்னால் மூன்று, சோபாவுக்குப் பின்னால் இரண்டு. நாலே மாதத்தில், திரையில் படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டு தவிர எல்லாம் தயார்.

கார்டும் வந்தது. நல்ல மழை நாளில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் அணைத்துக்கொண்டு வந்தான். பெட்டியைப் பிரித்து நாடாவை வைத்துப் பார்த்தான். நீளம் சரி. தடிமனில்தான் வில்லங்கம். கேஸின் மூடியை ஒட்டிக்கொண்டு நிற்கும், சூடாகும், ஃபேன் கத்தும். போதாததற்கு இரண்டு மாதத்தில் புது வரிசை வரப்போவதாகச் செய்தி.

"இதுவே போதுமேடா. மாட்டிடேன்" என்றாள் அக்கா.

"பொறுக்கா. தண்ணி மேல வெளிச்சம் விழறது இதுல சரியா வராது. மத்தவங்களுக்குத் தெரியாது, உன் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் நீயே குத்தம் சொல்லுவ."

அவள் சிரித்தாள். "சரி, தொழில் உன்னுது."

புது வரிசை வந்தது. ஆனால் செங்கல் கணக்காக இருந்தது, கேஸுக்குள் போகாது. சின்ன மாடல் மூன்று மாதத்தில் வரும் என்றார்கள். வந்த முதல் லாட் சூடாகிறது என்று நாலு பேர் புகார் சொன்னார்கள். அடுத்த லாட்டுக்குப் பொறுத்தான். தினமும் சாப்பிடும்போது அக்காவிடம் இதே பேச்சுதான். எந்தக் கார்டில் எத்தனை ஃபேன், எது எத்தனை மில்லிமீட்டர் என்று அவன் சொல்லச் சொல்ல, அவள் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் முதலாளிக்கே பொறுக்கவில்லை. "ஏம்பா, அக்காவுக்குன்னு சொல்ற. இன்னும் எத்தனை மாசம்? கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"டாக்டர் ஒன்றரை வருஷம்னு சொல்லியிருக்கார். இன்னும் நாள் இருக்கு" என்றான். கோபம்கூட வரவில்லை. கெடு என்றால் கெடுதான் என்று நம்புகிற ஆள்.

மில்லிமீட்டர் பார்க்கிற மனுஷன் வீட்டில் எதைத்தான் பார்த்தான்? பெட்டி மேல் எழுதியிருப்பதை "நீயே படிடா" என்று அக்கா சொன்னபோது சோம்பேறித்தனம் என்று நினைத்தான். கேஸைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு "என்ன நிறத்துல வாங்கின?" என்று கேட்டதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டான். சாயங்காலம் அவன் வரும்போது வீடு விளக்கில்லாமல் இருந்தால், கரண்டு பில்லுக்குப் பயப்படுகிறாள் என்று கேலி செய்தான். அதற்கும் அவள் சேர்ந்து சிரித்தாள்.

பதினாலாவது மாதம் அவன் நினைத்த கார்டு வந்துவிட்டது. கேஸைக் கடைக்கே எடுத்துப்போய் மாட்டி, அங்கிருந்த மானிட்டரில் ஓட்டிப் பார்த்தான். அக்கா எதையும் தேடவேண்டாம் என்று, பவர் பொத்தானை அழுத்தினால் நேராக ஆட்டத்துக்குள், கடலோரச் சாலையில் கார் நிற்கிற இடத்துக்கே போகும்படி செய்துவைத்தான். கெடுவுக்கு நாலு மாதம் முன்னாலேயே முடித்துவிட்டோம் என்று அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவை சோபாவில் உட்காரவைத்தான். கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, எது வேகம், எது பிரேக் என்று விரலைப் பிடித்துக் காட்டினான். கம்ப்யூட்டரைத் தட்டில் தள்ளிவிட்டு, டிவிக்குப் பின்னால் தவழ்ந்துபோய் கேபிள்களைச் செருகினான். அங்கிருந்தே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினான். ஃபேன் சத்தம் இல்லவே இல்லை. கொஞ்ச நேரத்தில் இடது பக்க ஸ்பீக்கரில் அலை வந்து மோதியது. பின்னால் இருந்த ஸ்பீக்கரில் காற்று.

"படம் வந்துச்சாக்கா?"

"வந்துடுச்சுடா! அடேயப்பா, என்ன நிறம்!"

அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே எழுந்து வந்து பார்த்திருக்கலாம். ஆனால் கேபிள்களை அப்படியே அலங்கோலமாக விட்டுவிட்டு வருகிற ஆளா அவன்? ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தான். முன்னால் கார் உறுமியது, எதிலோ இடித்தது, தண்ணீரில் விழுந்தது. அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது.

"இப்பவும் கடல்லதான் விடுறியா?"

"வேற எங்கடா போவேன்?"

"கடல் என்ன நீலம்கா?" சாதாரணமாகத்தான் கேட்டான். எந்த நீலத்தையும் வெறும் நீலம் என்று சொல்கிறவள் இல்லை அவள்.

"நல்ல நீலம்டா" என்றாள்.

அவன் கை நின்றுவிட்டது. எழுந்து முன்னால் வந்தான்.

டிவி கறுப்பாக இருந்தது. ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு சின்னக் கட்டம் மட்டும் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து டிவிக்குப் படம் போகிற கேபிளை அவன் செருகவே இல்லை. சத்தம் மட்டும்தான் வந்திருக்கிறது. அக்காவின் முகம் டிவியைப் பார்க்கவில்லை. அலை வருகிற இடது ஸ்பீக்கர் பக்கம் திரும்பியிருந்தது.

குனிந்து கேபிளைச் செருகினான். திரை முழுவதும் கடல் வந்தது. பதினாலு மாதம் எதற்காகப் பொறுத்தானோ அது அப்படியே வந்தது. தண்ணீர் மேல் வெயில் விழுந்து நொறுங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் அக்காவின் முகத்திலும் விழுந்தது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"ஏன்டா சத்தமே காணோம்?"

"எப்ப இருந்துக்கா?"

அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

"மழைக்காலம் முடிஞ்சப்புறம் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான்டா தெரிஞ்சுது. இப்ப அதுவும் இல்ல."

மழை. சட்டைக்குள் அணைத்துக்கொண்டு வந்த பெட்டி. இதுவே போதுமேடா, மாட்டிடேன். அவனுக்கு எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. மூடியோடு ஒட்டிக்கொண்டால் என்ன, ஃபேன் கத்தினால்தான் என்ன? அன்றைக்கு மாட்டியிருந்தால் அவள் பார்த்திருப்பாள்.

"ஏன்கா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ எல்லாத்தையும் மூட்டை கட்டியிருப்ப. தினம் வந்து கார்டு, ஃபேன், மில்லிமீட்டர்னு பேசுவியே. வீடு கலகலன்னு இருந்துச்சுடா. அதைக் கெடுக்க மனசு வரல."

அவன் வாய்விட்டு அழுதான். நாற்பத்தேழு வயது ஆள், அக்காவின் காலடியில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளையாட்டம் அழுதான். அவள் கையை நீட்டித் துழாவி அவன் தலையைக் கண்டுபிடித்தாள். அழுது முடிக்கட்டும் என்று கையை அங்கேயே வைத்திருந்தாள்.

பிறகு கேட்டாள்: "இப்பவாவது படம் வந்திருக்கா?"

"வந்திருக்குக்கா."

"சரி, சொல்லு. கடல் என்ன நீலம்?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். மயில் கழுத்தா, மையா, வேறு ஏதாவதா? கரையோரம் ஒரு மாதிரி, தூரத்தில் ஒரு மாதிரி. அவனுக்கு நீளமும் உயரமும் தெரியும். இதற்குப் பெயர் தெரியவில்லை.

"சொல்லத் தெரியலக்கா."

"பொறுமையாப் பார்த்துச் சொல்லுடா" என்றாள் அக்கா. "இனிமே எனக்கென்ன அவசரம்?"