நூற்று எழுபத்தெட்டுப் படிகள்

விடுதி அறையில் விரிப்பின் மூலையை முக்கோணமாக மடித்து மெத்தைக்கடியில் செருகினாள். கை ஒரு பக்கம் வேலை செய்ய, வாய் தன் போக்கில் ஓடியது.

"லைட்ஹவுஸ் பார்க்காம ஊருக்குப் போயிடாதீங்கம்மா. நாலு மணிக்கு மேல வெயில் இருக்காது. முப்பது படிதான்."

நாற்காலியில் இருந்த விருந்தினர் தபால் நிலையத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி நான்கு மாதம்தான் ஆகிறது.

"முப்பதா? அப்ப ஏறிடலாம். நாற்பது வரைக்கும் பரவாயில்லன்னு டாக்டர் சொன்னார். நாளைக்கு நீயும் வா. மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன்."

அவள் கையிலிருந்த தலையணை உறைக்குள் பாதி போனபடி நின்றது.

பத்தொன்பது வருடமாக அந்த விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். எதை எப்போது பார்க்கலாம், எந்தப் பேருந்து, எங்கே நிழல் என்று வந்தவர்களுக்கெல்லாம் மடமடவென்று சொல்வாள். கூட வேலை செய்கிறவர்கள் 'கைடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அதில் ஓரிடத்தையும் அவள் பார்த்ததில்லை. வேலை நாளில் அறைகள், விடுமுறையில் வீட்டுத் துணி. பேருந்து வளையும்போது இரண்டு கிடங்குகளுக்கு நடுவே தெரியும் ஒரு முழ நீலம்தான் அவள் கண்ட கடல். மற்றதெல்லாம் விருந்தினர் பேச்சில் பொறுக்கியது. முப்பது படி என்று யார் சொன்னார்கள் என்பதுகூட நினைவில்லை.

விஷயத்தைக் கேட்டதும், சலவை அறையில் துணி மடிப்பவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "போச்சு! நாளைக்குக் கைடு சாயம் வெளுத்துடும்."

"வாயை மூடுடி. இத்தனை வருஷத்துல ஒருத்தராவது வந்து தப்புன்னு சொன்னாங்களா?"

"ஏறி இறங்கினவங்களுக்குப் பேச மூச்சு இருந்திருக்காதுக்கா!"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த அம்மாளுடைய முழங்காலும் பத்திரம். ஆனால் பத்தொன்பது வருடப் பெயர் என்னாவது? சொல்லாமலே மறுநாள் கிளம்பினாள்.

அருங்காட்சியகத்தில் "இந்த வழிம்மா" என்று தைரியமாகத் தள்ளிய கதவு கழிப்பறைக்குப் போனது. "நல்லதாப் போச்சு, அதுவும் வேணும்தான்" என்றார் போஸ்ட்மாஸ்டர் அம்மாள். உள்ளே கூரையிலிருந்து ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்கியது. கைடு வாயைத் திறந்தபடி பார்த்தாள். கட்டில் கணக்கில்தான் அவளுக்கு அளக்கத் தெரியும். தலையிலிருந்து வால்வரை மனத்துக்குள் கட்டில் போட்டுக்கொண்டே போனாள். பதினொன்று போட்டும் வால் மிச்சமிருந்தது.

"முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்க்கிறியே?"

"எத்தனை தடவை பார்த்தாலும் இப்படித்தாம்மா."

அங்கிருந்து மரத்தடி மரத்தடியாக உட்கார்ந்து நடந்து, நான்கு மணிக்குக் கலங்கரை விளக்கத்துக்குப் போனார்கள். நுழைவுச் சீட்டு கொடுப்பவர் அம்மாள் கையிலிருந்த ஊன்றுகோலைப் பார்த்தார்.

"எத்தனை படின்னு தெரியுமாம்மா? நூத்தி எழுபத்தெட்டு. லிப்ட் கிடையாது."

போஸ்ட்மாஸ்டர் அம்மாள் அண்ணாந்து பார்த்தார். "முப்பது வருஷம் இந்த லைட்ஹவுஸ் படம் போட்ட கார்டு என் மேசைக்கு வரும். முத்திரை விளக்கு மேல விழாம ஓரமாத்தான் குத்துவேன்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "எனக்குத் தெரியாதும்மா. நான் ஏறினதே இல்ல. இந்த ஊர்ல நான் எதையுமே பார்த்ததில்ல."

"காலையில அந்த எலும்பைப் பார்த்துத் திறந்த வாய் இன்னும் மூடல. அப்பவே புரிஞ்சுது. நீயாவது போய்ட்டு வா. என்ன இருக்குன்னு வந்து சொல்லு. சொந்தக் கைச்சரக்கு சேர்க்காதே."

அவரை நிழலில் உட்காரவைத்து, இடது காலுக்கு ஒரு முக்காலியைப் போட்டு, தண்ணீர் பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு ஏறினாள். ஒவ்வொரு படியாக எண்ணினாள். நூறில் மூச்சு வாங்கியது. நூற்று எழுபத்தெட்டில் கதவு. திறந்ததும் காற்று முந்தானையைப் பிடுங்கியது.

உயரத்திலிருந்து பார்த்தால் கடல் கீழே கிடக்கும் என்று நினைத்திருந்தாள். அது கீழே கிடக்கவில்லை. அவள் ஏறிய படிகளையெல்லாம் கூடவே ஏறி வந்ததுபோல அதன் விளிம்பு கண்ணுக்கு நேராக நின்றது. கரையோரம் களிமண் நிறம், அப்புறம் பச்சை, அதற்கப்புறம் அவளுக்குப் பெயர் தெரியாத ஒரு நிறம். திரும்பினால் நகரம் முழுக்கக் கைப்பிடிக்குள் அடங்கியிருந்தது. பத்தொன்பது வருடம் ஓடி ஓடிக் களைத்த விடுதி, கட்டைவிரல் நகத்தில் மறைந்துபோனது. இவ்வளவு பெரியது இத்தனை நாளும் இங்கேயேவா இருந்தது? கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காவலர் மூடும் நேர மணியை அடிக்கும்வரை அப்படியே நின்றாள்.

கீழே இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். காற்று நல்லா வரும், ஊர் முழுக்கத் தெரியும் என்ற பழைய பாடம் இப்போது ஒத்துவரவில்லை.

"கடல் கீழ இல்லம்மா. நம்ம கண்ணுக்கு நேரா நிக்குது" என்றாள் கடைசியில்.

போஸ்ட்மாஸ்டர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். கப்பல் எத்தனை? ஏழு. நின்றதா, போனதா? நாலு நின்றது. வடக்கே பாறை இருக்கிறதா? "பார்க்கலம்மா." அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"முப்பது வருஷம் அந்தக் கார்டைப் பார்த்தேன். நீ சொன்னது எதுவும் அதுல இல்ல" என்றார் அவர்.

மறுநாள் காலை துணி மடிப்பவளிடம் முதல் மூன்று அறைகளை ஒப்படைத்துவிட்டு, ஆறு மணிப் பேருந்தில் துறைமுகத்துக்குப் போனாள். படகுத்துறைக்குப் பக்கத்தில் கடலைப் பார்க்க ஒரு மேடை. பதினான்கு படி, கைப்பிடி வலது பக்கம். சந்தேகத்துக்கு இன்னொரு முறை ஏறி இறங்கி எண்ணினாள். போஸ்ட்மாஸ்டர் அம்மாளுக்குப் பதினோரு மணிக்கு ரயில். எட்டரைக்கெல்லாம் அவரை அங்கே கூட்டி வந்து, வலது கையைக் கைப்பிடியில் வைத்து, தான் இடது பக்கம் ஒரு படி பின்னால் நின்றுகொண்டாள்.

"நல்ல காலை முதல்ல வைங்கம்மா. ஒண்ணு."