உடையாத கப்பும் ஆரஞ்சு மூக்குத் துப்பாக்கியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு டீ குடித்தேன்.

வண்டியில் போகும்போது இல்லை. ஒரு செராமிக் பட்டறை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து. கண்ணாடியைத் தூக்குவது, ஒரு வாய் குடிப்பது, மறுபடி இறக்கிக்கொள்வது. பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார். ஊரில் எனக்கு இருக்கும் பெயர் அப்படி.

நீங்களாவது கேட்பீர்கள் இல்லையா? சொல்கிறேன்.

என் மனைவியின் தம்பி தனசேகருக்கு விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பட்டறை. டீக்கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் கப் செய்து கொடுக்கிறான். கையில் நல்ல தொழில் இருக்கிறது. பிரச்சினை வாயில்தான். எதையும் அளவாகச் சொல்லத் தெரியாது. தூறல் போட்டால் வெள்ளம் என்பான். லேசாகத் தலை வலித்தால், “மாமா, அக்காவ வந்து பாத்துட்டு போகச் சொல்லுங்க” என்பான்.

அவனுடைய பெரிய வாடிக்கையாளர் பாண்டுரங்கன். வேப்பூரில், சென்னை – திருச்சி சாலையில் ஓட்டல் வைத்திருக்கிறார். பஸ்கள் நின்று போகிற ஓட்டல். டிரைவர் ஹாரன் அடித்ததும் நம் ஜனம் என்ன செய்யும்? பாதி டீயோடு கப்பைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டு ஓடும். கைப்பிடிச் சுவர், பைக் சீட், தண்ணீர் டிரம் மூடி... சாயங்காலம் பெருக்கினால் கூடை கூடையாகச் சில்லு.

ஒருநாள் அவர் போன் செய்தார். நான் அப்போது பட்டறையில்தான் இருந்தேன். தனசேகர் ஸ்பீக்கரில் போட்டான்.

“தனசேகரு, இனிமே பேப்பர் கப்புக்கே மாறிடலாம்னு இருக்கேன். ஒங்க மேல கோவம்லாம் இல்லீங்க. ஒடையிறதத்தான் பொறுக்க முடியல.”

தனசேகருக்கு முகம் வெளுத்துவிட்டது. வேப்பூர் ஆர்டர் போனால் சூளையில் பாதி காலி. பாதிச் சூளையைப் பற்றவைத்தால் எரிக்கிற செலவுக்கே கட்டாது. கட்டாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான். இதெல்லாம் ஒரு நொடியில் அவன் கண்ணில் ஓடியதை நான் பார்த்தேன். அந்தப் பதற்றத்தில் வாய் திறந்துகொண்டது.

“மொதலாளி, அவசரப்படாதீங்க! புதுசா ஒரு கப்பு செய்யிறேன். துப்பாக்கியால சுட்டாக்கூட ஒடையாது!”

பாண்டுரங்கன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்டிங்களா? மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரேன். சுட்டுக் காட்டுங்க.”

வைத்துவிட்டார்.

இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்? ‘உனக்காக உயிரையே கொடுப்பேன்’ என்று நாம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்... அவர்களில் ஒருவராவது ‘சரி, ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா’ என்று கேட்டிருந்தால் நாடு தாங்குமா?

உள்ளே கப்புகளுக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்த மல்லிகா கையைத் துடைத்தபடி வந்தாள். தனசேகரின் மனைவி. பட்டறையில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் ஸ்பானரோடு குனிபவள் அவள்தான். புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கப்பு கெடக்குதுங்க. துப்பாக்கிக்கு எங்க போவீங்க?”

துப்பாக்கி வீட்டிலேயே இருந்தது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் படிக்கும் அவர்கள் பையன், சின்ன வயதில் பாண்டிச்சேரி பீச்சில் மணலில் உருண்டு புரண்டு வாங்கிய, பிளாஸ்டிக் குண்டு போடும் பொம்மை பிபி கன். கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு, ஆரஞ்சு மூக்கு. பரணிலிருந்து இறக்கி, தூசு தட்டி, தனசேகர் டிரிக்கரை அழுத்தினான். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒரு குண்டு வெளியே வந்து, புளியங்கொட்டையைத் துப்பினாற்போல அவன் கால் கட்டைவிரல் பக்கத்தில் விழுந்தது.

தனசேகருக்கு ஒரே சந்தோஷம். “இது போதும் மல்லிகா! இதுக்கு எந்தக் கப்பும் ஒடையாது!”

“பாண்டுரங்கன் என்னா சின்னப் புள்ளையா? இத பாத்தா காறித் துப்பிட்டு போயிடுவாரு. நீங்க கப்ப பாருங்க. நான் இத பாக்குறேன்.”

வேலை பிரிக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் புருஷன் உடையாத கப் செய்வான். பெண்டாட்டி அதை உடைக்கத் துப்பாக்கி செய்வாள். நல்ல குடும்பம். ஏற்கெனவே பல வீடுகளில் நடப்பதுதான் என்றாலும், இவ்வளவு திட்டம் போட்டுச் செய்து நான் பார்த்ததில்லை.

முதலில் மிக்ஸி மூடியின் ரப்பர் வாஷர் துப்பாக்கிக்குள் போனது. (அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் சட்னி இல்லை.) அடுத்து சைக்கிள் டியூப். பிளாஸ்டிக் குழாய் விரிசல் விட்டதும், ஃபியூஸ் கட்டை செய்யும் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு பீங்கான் குழாய் வந்தது. ஒருநாள் புது ஸ்பிரிங் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தாள். எதனுடையது என்று கேட்டேன்.

“தெரியலண்ணா. தரையில கெடந்துச்சு.”

இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. தனசேகரின் பழைய ஸ்பிரிங் நாற்காலி, அவனோடு சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது.

கனம் ஏற ஏற துப்பாக்கியைக் கையில் தூக்க முடியவில்லை. வெட் கிரைண்டர் ஸ்டாண்டில் ஏற்றி, கட்டுக்கம்பியால் கட்டி, தள்ளி நின்று சுட டிரிக்கரில் ஒரு கயிறும் கட்டினாள். ஆரஞ்சு மூக்கு மட்டும் பழையபடியே முன்னால் துருத்திக்கொண்டு இருந்தது.

பையனின் பிளாஸ்டிக் குண்டுகள் தீர்ந்துபோயின. செராமிக் பட்டறையில் குண்டுக்கா பஞ்சம்? கையில் அகப்பட்ட மண்ணை உருட்டி, காயவைத்து, தனசேகர் சோதனைக் கப் வேகவைக்கிற அதே சின்னச் சூளையின் மூலையில் வைத்துவிட்டாள். சூளைக்குள் போனால் எதுவும் சுருங்கும் என்பது எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும் முதல் தடவை மறந்துவிட்டாள். குழாயில் போட்ட குண்டு அந்தப் பக்கம் கடுகாக உருண்டு ஓடிவிட்டது. அடுத்த தடவை பெரிதாக உருட்டினாள்.

என் வேலை? நான் நடுவர். அதற்குத்தான் ஹெல்மெட்.

தனசேகர் தன் மண் கலவையை எனக்குக்கூடக் காட்டவில்லை. ஒரு நீல டிரம்மில் கலக்கி, மூடி போட்டு, அதன் மேல் கல்லையும் வைத்திருந்தான். முதல் புதுக் கப் வந்தது. மல்லிகா கயிற்றை இழுத்தாள். குண்டு பட்டது. தனசேகர் ஓடிப்போய்க் கப்பை எடுத்துக் காதருகே வைத்து, நகத்தால் சுண்டினான். எங்கள் ஊர் வழக்கம் அது. ‘டிங்’ என்றால் நல்ல கப். ‘டொக்’ என்றால், கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ கீறல் விட்டிருக்கிறது.

டொக்.

கலவையை மாற்றினான். மண் இன்னும் இறுகியது. டொக். கப்பின் சுவரைத் தடித்தாக்கினான். டொக். தடித்துத் தடித்துக் கடைசியில் அந்தக் கப், வெளியிலிருந்து பார்த்தால் சின்ன உரல். உள்ளே பார்த்தால் இரண்டு வாய் டீ. அப்போதும் டொக்.

“எப்டி மாமா இது?” என்றான். “மண்ணு கல்லாட்டம் இருக்குது. முந்தின கப்ப இதால அடிச்சா அது தூளாயிடுது. ஆனா இவ குண்டு பட்டா மட்டும் கீறல் விட்டுப்போவுது!”

மல்லிகா பக்கம் திரும்பினான். “நீ யார் பக்கம், அத சொல்லு மொதல்ல.”

“துப்பாக்கி பக்கம். அப்டித்தான வேலைய பிரிச்சிக்கிட்டோம்?”

சனிக்கிழமை சாயங்காலம் கடைசிச் சோதனை. அதுவும் டொக். தனசேகர் சூளை ஓரம் போய்க் குந்திக்கொண்டான். அவன் வாய் அடைத்து நான் பார்த்தது அன்றுதான். கடைசியில், “பூட்ட வேண்டியதுதான் மாமா” என்றான். வழக்கம்போலப் பெரிதாக எதுவும் சேர்க்காமல், உள்ளதை உள்ளபடி சொன்னான்.  பொய்யாவது சொல்லுடா என்று கத்தலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பாண்டுரங்கன் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, உயரமான ஆள், சிரிக்காத முகம். கிரைண்டர் ஸ்டாண்ட் மேல் இருந்ததை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

“இது என்னாதுங்க?”

“துப்பாக்கி மொதலாளி.”

“ம்.”

மிச்சமிருந்த ஒரே ஒரு கப்பை தனசேகர் செங்கல் மேல் வைத்தான்.  எல்லோரும் டிரம்முகளுக்குப் பின்னால் ஒதுங்கினோம். நான் டீயோடு ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன். மல்லிகா கயிற்றை இழுத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு தடவை இழுத்தாள். துப்பாக்கி ஒரு தும்மல் போட்டது. ஸ்பிரிங் கூரைத் தகரத்தில் போய் மோதியது. மிக்ஸி வாஷர் ஒரு பக்கம், சைக்கிள் டியூப் ஒரு பக்கம். பீங்கான் குழாய் இரண்டாகப் பிளந்தது. எல்லாம் அடங்கிய பிறகு, ஆரஞ்சு மூக்கு மெதுவாகக் கழன்று கீழே விழுந்தது. அதன் பின்னாலேயே குண்டு வெளியே வந்து, தரையில் உருண்டு, பாண்டுரங்கனின் செருப்பில் முட்டி நின்றது.

கப் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

“பா... பாத்தீங்களா மொதலாளி?” என்றான் தனசேகர். “கப்பு ஒடையல!”

“ஆமாங்க” என்றார் பாண்டுரங்கன். “துப்பாக்கிதான் ஒடஞ்சி போச்சு.”

சொன்னவர் சிரிக்க ஆரம்பித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. டிரம்மைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பு. தனசேகர் அந்தக் கப்பிலேயே டீ ஊற்றிக் கொடுத்தான். பாண்டுரங்கன் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். விளிம்பு உதட்டுக்குள் அடங்கவில்லை. மூக்கில் டீ பட்டது.

“இத தூக்கி முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு உளுந்தூர்பேட்டை போயிடுங்க.”

மல்லிகா சத்தமில்லாமல் வழக்கமான கப்பில் வேறு டீ கொண்டு வந்து நீட்டினாள். அதைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

“எத்தினியோ வியாபாரிங்க வராங்க, போறாங்க. எனக்கு ஒரு கப்பு விக்கிறதுக்காக வூட்டோட துப்பாக்கி கட்டி நின்னவங்கள நான் பாத்ததில்ல. அந்தப் பேப்பர் கப்புக்காரன் ஒரு டீ கூட வாங்கித் தரல. பழைய கப்பே அனுப்புங்க. ஒடையறது ஒடையட்டும். அடிய மட்டும் கொஞ்சம் அகலமா வைங்க, வெச்ச எடத்துல நிக்கும். போயிட்டு வரேன்.”

கார் போனதும் தனசேகர் போனை எடுத்துவிட்டான். “அக்கா! பீரங்கியால சுட்டும் ஒடையலக்கா!”

வாய் திரும்பிவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

நான் தரையில் கிடந்த குண்டை எடுத்தேன். அதுவரை எந்தக் குண்டையும் உற்றுப் பார்த்ததில்லை. சாதாரண மண் வெந்தால் வெள்ளையாக வரும். இது லேசான சாம்பல் நீலம். அந்தக் குட்டி உரல் கப்பும் அதே சாம்பல் நீலம்.

“மல்லிகா... இது எந்த மண்ணும்மா?”

“நீல டிரம்முதாண்ணா. அவரு கலக்குற மண்ணுல ஒரு பிடி எடுத்துக்குவேன்.”

“அப்போ அவன் மண்ணை இறுக்க இறுக்க, உன் குண்டும்...?”

“ஆமாண்ணா.”

“தெரிஞ்சேவா?”

அவள் புருஷன் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “மொத தடவ தெரியாமத்தான் எடுத்தேன். அப்புறம் தெரிஞ்சேதான்.”

“இன்னைக்கு ஸ்பிரிங்?”

“அதுவும் நான்தான் லூசு பண்ணி வெச்சேன். கப்பு ஒடஞ்சிருந்தா அவரு பேப்பர் கப்புக்கு போயிடுவாரு. ஒடையலன்னா அதவிட வம்பு. துப்பாக்கி ஒடஞ்சா யாருக்குண்ணா நஷ்டம்?”

“ஒடையலன்னா என்னம்மா வம்பு? அதுக்குத்தானே இவ்வளவு பாடு!”

மல்லிகா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“ஒடையாத கப்ப ஒரு தடவ குடுத்துட்டா, அடுத்த மாசம் வேப்பூர்லேர்ந்து யாருண்ணா போன் பண்ணுவா?”

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவ்வளவு நாளாக என் மச்சான், உயிரைக் கொடுத்துத் தன் பிழைப்புக்கே குழி வெட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நாளும் அவள் அதை மூடிக்கொண்டிருந்தாள். நடுவர் என்று பெயர் வைத்துக்கொண்டு நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இது தனசேகருக்கு இன்னும் தெரியாது. இந்தப் பக்கத்தை அவன் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நேற்று வீட்டில் என் கை தவறி ஒரு கப் உடைந்தது. மனைவி முறைத்தாள். “உன் தம்பிக்காகத்தான்” என்றேன்.